எழுபது வளைவும் ஓர் எலுமிச்சம்பழமும்

மூன்றாம் ஆண்டு மாணவன், கணினிப் பொறியியல் துறை

ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று மலர்க்குழுத் தோழர் மூன்று முறை கேட்டுவிட்டார். கவிதை எனக்கு வராது. நட்பைப் பற்றியும் காலத்தின் அருமையைப் பற்றியும் மற்ற நண்பர்கள் எப்படியும் எழுதியிருப்பார்கள். ஆகவே எனக்குக் கொஞ்சமாவது தெரிந்த ஒரே விஷயமான எங்கள் புராஜெக்ட் பற்றியே எழுத உட்கார்ந்தேன். புராஜெக்ட் என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள் நண்பர்களே! இதில் ஒரு பஸ் வருகிறது, ஒரு மலை வருகிறது, வாந்தியும் வருகிறது.

ஐந்தாம் செமஸ்டர் தொடக்கத்தில் நம் துறை ஆய்வகத்துக்கு ஒரு வி.ஆர். ஹெட்செட் வந்தது. விர்ச்சுவல் ரியாலிட்டி, தமிழில் மெய்நிகர் உலகம் என்கிறார்கள். 2020-ல் வெளிவந்த குவெஸ்ட் 2 என்ற மாடல். எடை 503 கிராம். அரைக் கிலோ தக்காளியை முகத்தில் கட்டிக்கொண்டது போல இருக்கும். ஆனால் மாட்டிக்கொண்ட மறுநொடி ஆய்வகம் காணாமல் போய்விடும். தலையைத் திருப்பினால் எதிரே உள்ள உலகமும் அதற்கேற்பத் திரும்பும். முதல் நாள் அதில் ஒரு பாறை விளிம்பில் நின்று குனிந்து பார்த்தேன். உள்ளங்கால் கூசியது. நிற்பது ஆய்வகத் தரை என்று எனக்கு நன்றாகத் தெரியும், தெரிந்தும் கூசியது!

எங்கள் குழுவில் நான்கு பேர். புராஜெக்ட் இதில்தான் என்று அன்றே முடிவு செய்துவிட்டோம். வெளிநாட்டில் விண்கலம், துப்பாக்கி என்று விளையாட்டுச் செய்கிறார்கள். நாங்கள் நாமக்கல் மாவட்டத்துப் பிள்ளைகள். காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் 70 கொண்டை ஊசி வளைவுகளை விட்டால் எங்களுக்கு வேறு என்ன சாகசம் தெரியும்? விளையாட்டுக்குக் "கொல்லிமலை பஸ்" என்று பெயர் வைத்தோம். விளையாடுபவர்தான் கண்டக்டர். முன்பக்கம் உட்கார்ந்தபடி, ஏறுகிற ஆட்களுக்கு டிக்கெட் கிழித்துக் கொடுக்க வேண்டும். மலை ஏறி முடிப்பதற்குள் எத்தனை பேருக்குச் சரியாகக் கொடுத்தாரோ அத்தனை புள்ளி.

இம்மர்ஷன் என்று இத்துறையில் ஒரு சொல் உண்டு. ஆள் அந்த உலகத்திலேயே மூழ்கிப்போவது. எவ்வளவுக்கெவ்வளவு குலுக்குகிறோமோ அவ்வளவுக்கவ்வளவு மூழ்குவார்கள் என்று நாங்கள் நினைத்தோம். வளைவில் பஸ் சாயும்போது பார்வையையே எட்டு டிகிரி சாய்த்தோம். குழியில் இறங்கினால் காட்சி குதிக்கும். பஸ் மெல்ல மெல்ல வேகம் எடுக்கும், மெல்ல மெல்ல குறைக்கும். மரமும் பாறையுமாக அடுக்கியதில் ஹெட்செட் திணறியது. நொடிக்கு 72 படம் காட்ட வேண்டிய இடத்தில் 45-க்கு இறங்கிவிடும். "பரவால்ல மாப்ள, மேட்டுல பஸ்ஸே திணறத்தான செய்யும்" என்று சிரித்துக்கொண்டோம்.

செமஸ்டர் கடைசியில் துறைக் கண்காட்சி வந்தது. பெற்றோரையும் அழைத்து வரச் சொல்லியிருந்தார்கள். அப்பா லாரி ஓட்டுபவர், அன்று லோடுக்குப் போய்விட்டார். அம்மா மட்டும் வந்தார். ஒரு கல்லூரிக் கட்டடத்துக்குள் அம்மா கால் வைத்தது அன்றுதான் முதல் தடவை. எங்கள் வீட்டில் யாரும் பத்தாம் வகுப்பைத் தாண்டியதில்லை. கல்யாண வீடுகளுக்குக் கட்டும் சேலையைக் கட்டி, தலை நிறையப் பூ வைத்து வந்திருந்தார். ஹெட்செட்டின் பட்டை கொண்டையின் மேல் உட்காரவில்லை. "பூவக் கொஞ்சம் எடுத்துருங்கம்மா" என்றான் என் நண்பன். அம்மா பூவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

பஸ் கிளம்பியது. அம்மாவின் வலக்கை காற்றில் எதையோ துழாவியது. முன் சீட்டுக் கம்பியைத் தேடுகிறார் என்று புரிந்ததும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. பார்த்தீர்களா, நம்பிவிட்டார்! இரண்டாவது வளைவில் கை நின்றது. மூன்றாவது வளைவில் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினார். நான் ஹெட்செட்டைக் கழற்றுவதற்குள் ஆய்வகத் தரையிலேயே வாந்தி எடுத்துவிட்டார்.

அப்போது கண்காட்சியைப் பார்க்க வந்திருந்த ஒரு பெரியவர், "என்னாச்சுப்பா?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்ல சார். கிராமத்து ஆளுங்க... பழக்கம் இல்ல" என்றேன்.

எங்கம்மா என்று சொல்லவில்லை. அம்மா இரண்டடி தள்ளி நின்று, "வெளக்கமாறு எங்க கண்ணு இருக்குது?" என்று என் நண்பனிடம் மெதுவாகக் கேட்டுக்கொண்டிருந்தார். எங்கள் சோதனை நோட்டில் நானே எழுதினேன்: "பயனர் 14: பழக்கமின்மை காரணமாக 50 நொடியில் நிறுத்தினார்."

வீட்டுக்குத் திரும்பும் டவுன் பஸ்ஸில் அம்மா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, கோபமே இல்லாத குரலில் சொன்னார்: "பழக்கம் இல்லதாஞ் சாமி. கண்ணாலமாயி இருவது வருசமா கொல்லிமலைக்குப் போயிட்டு வாரேன். நெச பஸ்ஸே இன்னும் பழகல. உன்ற பொட்டி ஒரு நிமிசத்துல பழகிருமா?"

எனக்குப் பதில் தெரியவில்லை.

அடுத்த சனிக்கிழமை அப்பா ஊரில் இருந்தார். ஆய்வகப் பொறுப்பாளரிடம் அனுமதி கேட்டு அவரைக் கூட்டிப் போனேன். இருபத்திரண்டு வருஷமாக லாரி ஓட்டுபவர். கொல்லிமலையில் அன்னாசி லோடு இறக்கியவர். அவருக்கு எல்லா வளைவும் பழக்கம். இவர் தாங்கிவிட்டால் நான் நோட்டில் எழுதியது சரிதான் என்று ஆகிவிடும் என்ற கெட்ட எண்ணமும் உள்ளே இருந்தது, மறைப்பானேன்? நாற்பதாவது நொடியில் அப்பாவே ஹெட்செட்டைப் பிடுங்கிக் கழற்றினார். நெற்றியெல்லாம் வேர்வை.

"டேய், வண்டி போவுது. ஆனா உடம்பு போவலடா!" என்றார்.

நண்பர்களே, பிறகு நாங்கள் புரட்டிப் பார்த்த ஆங்கிலப் பக்கங்கள் எல்லாம் சுற்றிச் சுற்றிச் சொன்னது இந்த ஒரு வரியைத்தான். நம் காதுக்குள் கேட்கும் உறுப்போடு இன்னொரு ஏற்பாடும் இருக்கிறது. திரவம் நிறைந்த மூன்று அரைவட்டக் குழாய்கள். தலை திரும்புவதை அவை சொல்லும். பக்கத்திலேயே இரண்டு சிறு பைகள், அவற்றில் பொடிப்பொடியாகச் சுண்ணாம்புத் துகள்கள். நேராகப் போகும்போது வேகம் கூடுவதையும் குறைவதையும், தலை சாய்வதையும் இவை சொல்லும். நிஜ பஸ்ஸில் புத்தகம் படித்தால், காது "போகிறோம்" என்கிறது, கண் "நிற்கிறோம்" என்கிறது. ஹெட்செட்டில் அப்படியே தலைகீழ். கண் போகிறது, காது நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது. இரண்டும் சண்டை போட்டால் வயிறு புரட்டும்.

பழக்கம் என்ற என் சமாதானமும் அதோடு போயிற்று. 1950-களின் இறுதியில் அமெரிக்காவில் ஹெலிகாப்டர் ஓட்டப் பழக்கும் சிமுலேட்டர் ஒன்றைச் சோதித்தார்கள். அதில் குமட்டல் அதிகம் கண்டது புதிதாகப் பழகவந்த மாணவர்களுக்கு அல்ல. நிஜ ஹெலிகாப்டர் ஓட்டித் தேர்ந்த ஆசிரியர்களுக்குத்தான்! இந்த வளைவில் உடம்பு எப்படிச் சாயவேண்டும் என்று அவர்கள் உடம்புக்குத் தெரியும். சாயவில்லை என்றதும் அது முரண்டு பிடிக்கிறது. அப்பாவுக்கு நடந்ததும் அதுவாகத்தான் இருக்க வேண்டும். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நடந்ததில் அவர்கள் தவறு ஒன்றும் இல்லை. பார்வையை எட்டு டிகிரி சாய்த்தது நான்.

எங்கள் வழிகாட்டி ஆசிரியர் ஒரு கேள்வித்தாள் கொடுத்தார். கென்னடி என்பவரும் உடன் பணியாற்றியவர்களும் 1993-ல் வெளியிட்டது. கடற்படை விமானிகளின் சிமுலேட்டர்களுக்காக உருவானது, இன்று வி.ஆர். சோதிப்பவர்களும் அதையே பயன்படுத்துகிறார்கள். மொத்தம் 16 அறிகுறிகள். ஒவ்வொன்றுக்கும் இல்லை, கொஞ்சம், நடுத்தரம், கடுமை என்று 0 முதல் 3 வரை குறிக்க வேண்டும். அதைத் தமிழாக்குவதற்குள் நாங்கள் பட்ட பாடு! "ஸ்டமக் அவேர்னஸ்" என்று ஒன்று. வயிற்று உணர்வு என்று எழுதினால் யாருக்குப் புரியும்? வீட்டில் கொண்டுபோய் அம்மாவிடம் அறிகுறி அறிகுறியாக விளக்கினேன். "அதா? வயிறு ஒரு மாதிரியா இருக்குதும்பாங்க" என்றார். தலை நிறைந்தது போல் இருப்பதற்குத் "தல பாரமா", சுற்றலுக்குக் "கிறுகிறுன்னு வருது". எச்சில் அதிகம் சுரத்தல் என்று இன்னொன்று இருந்தது. "வாயில தண்ணி ஊறும் சாமி. அப்பறம் வேக்கும். அது ரெண்டும் வந்துட்டா கவரு எடுத்துக்கோணும்" என்று வரிசைக்கிரமமாகவே சொல்லிவிட்டார். விமானிகளிடம் கேட்டுக் கேட்டுத் தொகுத்த பட்டியலில் அம்மாவுக்குத் தெரியாதது ஏறக்குறைய ஒன்றுமே இல்லை.

தை மாதத்தில் மலைமேல் ஒரு சொந்தக்காரர் வீட்டு விசேஷம். அம்மாவுடன் பஸ்ஸில் போனேன், பாக்கெட்டில் சிறு நோட்டோடு. இத்தனை வருஷம் கூடவே போயும் நான் கவனிக்காததை அன்று கவனித்தேன். அம்மா முன்பக்க சீட்டையே பிடித்தார். பக்கவாட்டு ஜன்னலைப் பார்க்கவே இல்லை. டிரைவரின் கண்ணாடி வழியாகத் தூரத்தில் உள்ளதையே பார்த்தார். வளைவுக்கு முன்னால் டிரைவர் ஹாரன் அடிப்பாரல்லவா? அது கேட்டதும் கம்பியை இறுக்கிக்கொண்டார். பத்து வளைவு தாண்டியதும் முந்தானையை எடுத்து முக்காடு போட்டு, இரண்டு பக்கமும் முகத்தோடு இழுத்துப் பிடித்தார். கையில் எலுமிச்சம்பழம், அவ்வப்போது மூக்கருகே. இவ்வளவும் செய்தும் முப்பதாவது வளைவுக்கருகில் கவர் தேவைப்பட்டது.

"கொஞ்சம் நிறுத்தச் சொல்லக் கூடாதாம்மா?"

"எனக்கோசரம் ஒரு பஸ்ஸு நிக்குமா சாமி?" என்று வாயைத் துடைத்துக்கொண்டார்.

ஊர் திரும்பியதும் குழு கூடியது. சண்டையும் கூடியது! வளைவில் பார்வை திரும்பக் கூடாது என்றேன் நான். மரம், மலை எல்லாம் செய்தவன் கொதித்துவிட்டான். "வளைவே திரும்பாதுன்னா அது கொல்லிமலை எதுக்குடா? சேலம் பைபாஸ்னு பேர் வை!" அவன் சொன்னதும் நியாயமே. வி.ஆர். விளையாட்டு செய்கிற எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். நிஜம்போல் வேண்டும் என்றால் உடம்பு கெடுகிறது. உடம்பைக் காப்பாற்றினால் விளையாட்டு சப்பென்று ஆகிவிடுகிறது. பெரிய கம்பெனிகளே இங்கே சறுக்கியிருக்கின்றன. 1995-ல் நின்டெண்டோ "வர்ச்சுவல் பாய்" என்று ஒன்றைக் கொண்டுவந்தது. சிவப்பும் கறுப்பும் மட்டுமே தெரியும் படம். கண் வலியும் தலைவலியும் வருகிறது என்ற புகார்களோடு அடுத்த வருஷமே அதைக் கைவிட்டார்கள்.

அப்புறம் பிறர் எப்படிச் சமாளித்தார்கள் என்று தேடினோம். யுபிசாஃப்ட் 2016-ல் "ஈகிள் ஃபிளைட்" என்று ஒன்று செய்தது; கழுகாகப் பாரிஸ் நகரத்தின்மேல் பறக்க வேண்டும். வேகமாகத் திரும்பும்போது பார்வையின் ஓரங்களை இருட்டாக்கி, நடுவில் மட்டும் காட்சி தெரியவைத்தார்கள். கண்ணின் ஓரம்தான் அசைவை அதிகம் உணரும் என்பதால் ஓரத்தை மறைத்தால் சண்டை குறையும். அதே ஆண்டில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஃபெர்னாண்டஸ், ஃபைனர் என்ற இருவர் இதையே சோதித்து எழுதினார்கள். மெல்ல மெல்லச் சுருக்கினால் பலர் அதைக் கவனிப்பதுகூட இல்லை. இதைப் படித்தபோது நான் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டேன். இது அம்மாவின் முக்காடு அல்லவா! எங்கள் நிரலில் அந்தப் பகுதிக்கு "முந்தானை" என்றே பெயர் வைத்திருக்கிறேன். வைவாவில் கேட்டாலும் மாற்றுவதாக இல்லை.

1991-ல் ரோல்னிக், லூபோ என்ற இரு ஆய்வாளர்கள் வேறொரு கேள்வி கேட்டார்கள்: வண்டி ஓட்டுபவருக்கு ஏன் குமட்டுவதில்லை? இருவரை ஒன்றாகப் பிணைத்துச் சுழற்றினார்கள். ஒருவர் கையில் மட்டும் கட்டுப்பாடு, அசைவு இருவருக்கும் ஒன்றே. கட்டுப்பாடு இல்லாதவருக்கே தொல்லை அதிகம். அடுத்து என்ன வரும் என்று தெரிந்தால் உடம்பு தயாராகிவிடும் என்று எனக்குப் புரிந்தது. அம்மா ஹாரனுக்குக் காத்திருந்ததும் இதற்குத்தானே? ஆகவே ஒவ்வொரு வளைவுக்கும் இரண்டு நொடி முன்பே ஹாரனும், வளைவு எண் எழுதிய பலகையும் வரும்படி செய்தோம்.

ஒரு வேடிக்கையும் சொல்லிவிடுகிறேன். 2015-ல் பர்டியூ பல்கலைக்கழகத்தார் ஹெட்செட் காட்சியின் நடுவில் ஒரு மூக்கை வரைந்து வைத்தார்கள். கண்ணுக்கு நிலையாகப் பிடித்துக்கொள்ள ஒரு பொருள் கிடைக்கிறது என்பது யோசனை. ஒரு மாளிகையைச் சுற்றிப் பார்க்கும் காட்சியில் மூக்கு இருந்தவர்கள் சராசரியாக 94 நொடி கூடுதலாகத் தாங்கினார்கள். ரோலர் கோஸ்டரில்? வெறும் 2 நொடி! நாங்களும் ஆசைக்கு மூக்கு வைத்தோம், ஒரு மூக்குத்தியும் சேர்த்து. எங்கள் பஸ் ரோலர் கோஸ்டர் வகையறா என்பதால் மூக்கு கைகொடுக்கவில்லை. எடுத்துவிட்டோம். பதிலாக, பஸ்ஸின் முன்கண்ணாடிச் சட்டத்தையும் டேஷ்போர்டையும் அசையாமல் நிலைநிறுத்தினோம். அது உதவியது.

சரி, வளைவை என்ன செய்தோம்? பார்வையைச் சாய்ப்பதை அடியோடு நிறுத்தினோம். குதிப்பும் தள்ளலும் போயின. வளைவு வந்ததும் கண் சிமிட்டுவது போல ஒரு கணம் இருட்டி, பஸ் மறுபக்கம் திரும்பி நிற்பதாகக் காட்சி திறக்கும். 2020-ல் வந்த "ஹாஃப்-லைஃப்: அலிக்ஸ்" விளையாட்டில்கூட நடக்க முடியாதவர்களுக்கு இப்படிச் சிமிட்டி இடம் மாறும் வசதி வைத்திருக்கிறார்கள். என் நண்பனின் முகம் வாடிவிட்டது. அதைப் போக்கியதும் அவனேதான். "ஆள ஆட்ட வேணாம், பஸ்ஸுக்குள்ள இருக்கறத ஆட்டுவோம்" என்றான். கண்ணாடிக்கு மேல் தொங்கும் மாலை வளைவுதோறும் ஊசலாடும். எஞ்சின் மேல் வைத்த பை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குச் சறுக்கும். பின்னால் யாருடைய தூக்குப்போசியோ உருண்டு ஓடும். கியர் குறைக்கும் முனகல் காதில் விழும். இதைச் சேர்த்த அன்று நான் போட்டுப் பார்த்தேன். உடம்பு அசையவே இல்லை. ஆனால் பஸ் வளைந்ததாக நான் சத்தியம் செய்வேன். முன்பு குலுக்கிக் குலுக்கிக் கொண்டுவர முடியாததை அந்த ஒரு தூக்குப்போசி கொண்டுவந்துவிட்டது.

வேகத்திலும் பாடம் கற்றோம். காது மாறுதலை மட்டுமே உணரும். ஒரே சீரான வேகத்தில் போனால் அதற்கு ஒன்றும் தெரியாது. மெல்ல மெல்ல வேகம் எடுத்தால் இதமாக இருக்கும் என்று நினைத்தது முழுத் தவறு. அப்படிச் செய்தால் கண்ணும் காதும் சண்டை போடும் நேரம்தான் நீள்கிறது. இப்போது எங்கள் பஸ் சட்டென்று கிளம்பி, ஒரே வேகத்தில் போய், சட்டென்று நிற்கிறது. மரங்களைப் பாதியாகக் குறைத்து 72 படத்தையும் பிடித்துவிட்டோம். எழுபது வளைவு ஏழானது. அப்பா சொன்னபடி எதிரே ஒரு டேபிள் ஃபேன் வைத்தோம். 1962-ல் அமெரிக்காவில் மார்ட்டன் ஹெய்லிக் என்பவர் காப்புரிமை பெற்ற "சென்சோரமா" என்ற பெட்டியில் மோட்டார் சைக்கிள் சவாரிப் படத்துக்குக் காற்றே வீசுமாம். அவர் நிஜம்போலத் தோன்ற வைத்தார். முகத்தில் காற்றுப் பட்டால் குமட்டலும் குறைகிறது என்று பின்னாளில் சோதித்துக் கண்டிருக்கிறார்கள்.

டிக்கெட்டில் மட்டும் இன்னும் முழு வெற்றி இல்லை. கண்ணுக்கு மிக அருகில் பொருளைக் காட்டினால் இரண்டு கருவிழிகளும் உள்நோக்கித் திரும்பும். ஆனால் லென்ஸ் காட்டும் படம் எப்போதும் ஒரே தூரத்திலேயே நிற்கும். அதனால் கண் களைக்கும். டிக்கெட் கட்டைக் கையிலிருந்து டேஷ்போர்டுக்குத் தள்ளி வைத்ததில் கொஞ்சம் குறைந்தது.

கடைசியாக விசில். முதலில் செய்த விளையாட்டில் கண்டக்டர் கழுத்தில் விசில் வெறும் அலங்காரம். இப்போது ஆள்காட்டி விரல் பொத்தானை அழுத்தினால் விசில் ஊதும், எந்த இடமானாலும் பஸ் நிற்கும். புள்ளி குறையாது. இந்தக் கடைசி விதியை எல்லோரும் எதிர்த்தார்கள். நான் விட்டுக்கொடுக்கவில்லை.

ஆறாம் செமஸ்டரில் ஒரு நாள் அம்மாவை மறுபடி அழைத்தேன். "மறுபடியுமா?" என்றவர் வந்தார். ஹெட்செட்டைப் போடுவதற்கு முன்னால் ஸ்கேலை நெற்றியருகே பிடித்து இரு கருமணிகளுக்கும் இடைப்பட்ட தூரத்தை அளந்தேன். ரவிக்கைக்கு அளவு எடுக்கும்போது நிற்பது போல அசையாமல் நின்றார். 58 மில்லிமீட்டர். குவெஸ்ட் 2-ல் லென்ஸை 58, 63, 68 என்று மூன்று நிலைகளில் வைக்கலாம். கண்காட்சி அன்று அது மூன்றாவது நிலையில் இருந்தது. அதற்கு முன் போட்டவன் எங்கள் வகுப்பிலேயே பெரிய தலைக்காரன். "அன்னிக்கு எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரிஞ்சுது சாமி. அதுல அப்படித்தான் தெரியுமாட்ட இருக்குதுன்னு நெனச்சேன்" என்றார். பட்டையைக் கொண்டைக்குக் கீழே தளர்த்திப் போட்டேன். பூ தலையிலேயே இருந்தது. எலுமிச்சம்பழம் கையில், நிஜ எலுமிச்சம்பழம்.

"வாயில தண்ணி ஊறுச்சுன்னா விசில் அடிச்சுரும்மா."

நான்கு வளைவு போனது. நான்கு பேருக்கு டிக்கெட் கொடுத்தார், ஒருவருக்குத் தவறாக. ஐந்தாவது வளைவில் விசில் அடித்தார். பஸ் நின்றது. அவ்வளவுதான் என்று நான் கவரோடு ஓடினேன்.

"ஒண்ணுமில்ல. இரு" என்றார் அம்மா. தலையை இடப்பக்கம் திருப்பி, கொஞ்சம் எட்டிப் பார்ப்பது போலக் குனிந்தார். அங்கே என் நண்பன் செய்து வைத்த பள்ளத்தாக்கும், அதற்கப்பால் கட்டம் கட்டமாக வயல்களும் இருக்கின்றன. பின்னால் முதலாமாண்டுப் பசங்கள் வரிசையில் நின்றிருந்தார்கள். அம்மா வெகுநேரம் அப்படியே இருந்தார்.

"ஏஞ் சாமி, மேல இருந்து பாத்தா இப்படியா இருக்குது? நான் ஒரு நாளும் பாத்ததே இல்ல. கவர்லயே மொகத்த வெச்சுட்டுப் போயிருவேன்."

மேலே போகலாமா என்று கேட்டேன். "போதும். இங்கியே நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டார்.

கேள்வித்தாளை நான் படிக்க, அம்மா பதில் சொன்னார். வயிறு ஒரு மாதிரி: கொஞ்சம். கண் களைப்பு: கொஞ்சம். மற்ற 14-க்கும் பூஜ்யம். நோட்டில் பழைய வரியை அடித்துவிட்டு இப்படி எழுதினேன்: "பயனர் 14, முதல் முறை: வடிவமைப்புக் குறை காரணமாக 50 நொடியில் நின்றது. இரண்டாம் முறை: 6 நிமிடம் 10 நொடி. தாமாகவே நிறுத்தினார்."

போன வாரம் வழிகாட்டி ஆசிரியர் அறிக்கையைத் திருத்தும்போது அந்தப் பக்கத்தில் பேனாவை நிறுத்தினார். "முப்பது பேரைச் சோதிச்சிருக்கீங்க. இந்தப் பதினாலாம் நம்பருக்கு மட்டும் ஏம்ப்பா இவ்வளவு குறிப்பு? யார் இவங்க?"

"எங்கம்மா சார்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். கண்காட்சி அன்று அவரும் ஆய்வகத்தில்தான் இருந்தார். "அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?" என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் பக்கத்தைத் திருப்பி, அடுத்த அட்டவணையில் எழுத்துப்பிழையைச் சுழிக்க ஆரம்பித்தார்.